கன்று பால் மறக்கும் வரை

எருமை வைத்திருப்பவளுக்கு வாடகைக்கு வீடு விடுகிற மகராசன் ராசிபுரத்தில் அன்றைக்கும் பிறக்கவில்லை, இன்றைக்கும் பிறந்த மாதிரி தெரியவில்லை. ஆனால் நெய் மட்டும் எல்லோருக்கும் வேண்டும். பாவாயி உருக்கிய நெய் என்றால் கடைவீதிக்காரர்கள் மூடியைத் திறந்து மோந்துகூடப் பார்க்க மாட்டார்கள், அப்படியே வாங்கி அலமாரியில் வைப்பார்கள். அந்தக் கடைக்காரர்களில் ஒருவர் வீட்டில்தான் அவள் குடியிருந்தாள். நெய் வாசமாக இருக்கிறதாம், சாணிதான் நாறுகிறதாம். ரெண்டும் ஒரே எருமை கொடுத்ததுதானே என்று கேட்க அவளுக்கு நாக்கு நுனி வரைக்கும் வரும். கேட்டால் அன்றைக்கே சட்டிபானையைத் தூக்க வேண்டும். அதனால் விழுங்கிக்கொள்வாள்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எத்தனை வீடு மாறினாள் என்று அவளாலேயே சொல்ல முடியாது. ஒரு வீட்டில் எருமை கத்துகிறது என்றார்கள். ஒரு வீட்டில் ஈ மொய்க்கிறது என்றார்கள். இன்னொரு வீட்டில் எருமை கத்தவுமில்லை, ஈயும் வரவில்லை. அது சும்மா நின்று பார்க்கிற பார்வை அந்த வீட்டு மருமகளுக்குப் பிடிக்கவில்லையாம். புருசன் அர்த்தநாரி ஜவ்வரிசி மில் களத்தில் மாவு காயப்போடுகிறவன். நாளெல்லாம் வெள்ளை வெயிலில் வெள்ளை மாவைப் பார்த்துப் பார்த்துப் பேச்சே வற்றிப்போன ஆள். ஒவ்வொரு தடவை வீடு மாறும்போதும் அவன் கட்டிலைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடப்பான், இவள் எருமையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடப்பாள். இனி ஒருத்தர் "காலி பண்ணு" என்று சொல்லாத இடத்தில் கருவாச்சியைக் கட்ட வேண்டும். பாவாயிக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான். கருவாச்சி அவளுடைய எருமை. அப்போது நிறைசினை.

எண்பத்து மூன்றாம் வருசம் செம்மாம்பாளையத்தில் ஒரு ஓட்டு வீடு விலைக்கு வந்தது. நாமக்கல் ரோட்டில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் ஊர். வீட்டைப் பார்க்கப் போன பாவாயி வீட்டைப் பார்க்கவில்லை. முன்வாசலைத் தாண்டி நேராகப் பின்பக்கம் போனாள். கல் பாவிய கட்டுத்தரை, மேலே நல்ல ஓடு, சிமிட்டித் தண்ணீர்த் தொட்டி, கோமியம் ஓட வாட்டம், பக்கத்தில் தீவனத்துக்கு ஒரு முருங்கை, நிழலுக்கு ஒரு வேம்பு. தரையில் உட்கார்ந்து கையால் தடவிப் பார்த்தாள். "உள்ள பாக்கலியா?" என்று அர்த்தநாரி கேட்டான். "உள்ள என்ன இருக்கப்போவுது, செவுருதான்" என்றாள். சீட்டு எடுத்து, நகையை விற்று, அட்வான்ஸும் கொடுத்தாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் வீட்டை விற்கிறவர்களின் லட்சணம் அவளுக்குத் தெரிய வந்தது.

விற்கிறவர்கள் புருசன் பெண்டாட்டி. வேலுமணி, வசந்தாமணி. நல்ல குடும்பம், நல்ல மனுசர்கள், தனித்தனியாகப் பார்த்தால் தங்கக் கட்டி. வேலுமணி ஆழ்துளைக் கிணறு போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் பங்கு வைத்திருந்தவன். கல்யாணமான சூட்டோடு வண்டியேறி மத்தியப் பிரதேசம் போனான். போர் போடுகிற இடமெல்லாம் அவனுக்கு ஊர். வருசத்துக்கு ஒரு தடவை நோம்பிக்கு வருவான். சேலை வரும், பலகாரம் வரும், பத்து நாள் ஊரே இவர்கள் ஜோடியைப் பார்த்துக் கண் வைக்கும். மறுபடி வண்டி ஏறிவிடுவான். இப்படியே ஏழெட்டு வருசம். அவன் அனுப்பின காசில், தன் அப்பா கொடுத்த இடத்தில், வசந்தாமணி நின்று இந்த வீட்டைக் கட்டினாள். இருவர் பேரிலும் பத்திரம். பிள்ளைகுட்டி இல்லை என்ற குறையைத் தவிர வேறு குறை இல்லை. கடைசியில் வேலுமணி வெளியூர் போதும் என்று பங்கை விற்றுவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தான். அன்றைக்குப் பிடித்தது சனியன்.

ரிக்கில் பத்துப் பேரை அதட்டி வேலை வாங்கினவன் அவன். கொத்தனாரையும் சித்தாளையும் அதட்டி வேலை வாங்கினவள் அவள். இப்போது அதட்டுவதற்கு ஒருவருக்கு இன்னொருவரைத் தவிர ஆளில்லை. அடுப்பில் விறகை எப்படி வைக்க வேண்டும் என்று அவன் சொன்னான். செருப்பை எங்கே விட வேண்டும் என்று அவள் சொன்னாள். ஒரு வருசம் விறகுக்கும் செருப்புக்கும் சண்டை நடந்து, கோர்ட்டில் மனுப்போடுகிற வரைக்கும் போய்விட்டது. முதலில் வீட்டை விற்றுப் பிரித்துக்கொள்ளுங்கள், விவாகரத்து தன்னால் வரும் என்று வக்கீல் சொல்லிவிட்டார். அவன் அண்ணன் வீட்டுக்குப் போனான், அவள் அப்பன் வீட்டுக்குப் போனாள். ரெண்டும் அதே ஊர்தான்.

பாவாயி மனசு கேட்காமல் வசந்தாமணியிடம் ஒரு தடவை விசாரித்தாள். அந்தப் பெண் அழவெல்லாம் இல்லை, கடலை உடைத்துக்கொண்டே சொன்னாள்.

"அவரு ஊர்ல இல்லாத வரைக்கும் நாங்க நல்லாத்தானுங்கக்கா குடும்பம் பண்ணுனோம். ஒரு சண்டை இல்லை, ஒரு சச்சரவு இல்லை. வந்தாரு, போச்சு."

வேலுமணியிடம் கேட்டபோது அவனும் ஏறக்குறைய அதையேதான் சொன்னான். "கடுதாசில நல்ல புள்ளையாத்தானுங்கக்கா இருந்தா." இப்படி ஒத்துப்போகிற ஜோடியை எந்தக் கோர்ட்டு பிரிக்கும் என்று பாவாயிக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு பத்திர ஆபீஸ் போகிற வரைக்கும்தான் நிலைத்தது.

முதல் நாள் எல்லாம் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தது. பத்திரம் எழுதுகிற தீர்த்தகிரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ராகம் போட்டு வாசித்தார். வடக்கே வாய்க்கால், தெற்கே வண்டித்தடம், இதற்கு உட்பட்ட ஓட்டு வீடும், கட்டுத்தரையும், "கதவு நிலவு சகிதமும்", அதாவது கதவும் நிலையும் சேர்த்து, என்று வந்தது பாருங்கள், வேலுமணி கையைத் தூக்கினான். கதவு தரமுடியாது என்றான். அது என் கதவு, நீங்கள் யார் தரமுடியாது என்று சொல்ல என்றாள் வசந்தாமணி.

அந்தக் கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேலுமணி நாக்பூர்ப் பக்கமிருந்து லாரியில் போட்டனுப்பின தேக்கு. வசந்தாமணி ஆசாரியை வீட்டோடு உட்காரவைத்து, கிளியும் கொடியுமாக இழைத்து வாங்கியது. செம்மாம்பாளையத்துக்கு வந்த உறவு ஒறம்பரை எல்லாரும் அந்தக் கதவைத் தடவிப் பார்க்காமல் போனதில்லை. கட்டையை அவர் அனுப்பினார், இல்லையென்று சொல்லவில்லை, கட்டை கதவாகிவிடுமா என்று அவள் கேட்டாள். கதவு அடித்தது ஆசாரி, இவள் பக்கத்தில் நின்று காப்பி குடித்தாள் என்று அவன் சொன்னான். கதவுச் சண்டை என்று ஊர் சொன்னது. கதவா பெரிசு? இந்த வீட்டைக் கட்டியது நான் என்று நாலு பேர் முன்னால் எதிராளி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், ரெண்டு பேருக்கும் அதுதான் வழக்கு. பேனாவில் மை காய்ந்துபோக, தீர்த்தகிரி அதை மூடிவைத்தார்.

அடுத்த முகூர்த்தத்துக்கு அவன் வந்தான், அவள் வரவில்லை. அதற்கடுத்த முகூர்த்தத்துக்கு முதல் நாள் அவன் ஆசாரியைக் கூட்டிக்கொண்டு கதவைக் கழற்றப் போக, அவள் கதவில் சாய்ந்து உட்கார்ந்து பொழுதுக்கும் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு அவன் ஒரு பூட்டுப் போட்டான். அவளும் ஒரு பூட்டுப் போட்டாள். இப்படி ரெண்டு பூட்டுத் தொங்குகிற வீட்டைப் பாவாயி வாரத்துக்கு ஒரு தடவை பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனாள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் இருவரையும் வைத்துக்கொண்டு, எனக்குக் கதவே வேண்டாம், நான் சாக்குப் படுதா கட்டிக்கொள்கிறேன், ஆளுக்கொரு பலகை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பார்த்தாள். உடனே ரெண்டு பேரும் ஒன்றாய்ச் சேர்ந்துகொண்டார்கள். கதவில்லாத வீட்டையா விற்பது, ஊர் காறித் துப்பாதா என்று இருவரும் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். அடி இவர்களா, என்று பாவாயி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ஐப்பசி பிறந்தது. போன வருசம் பொய்த்த மழையெல்லாம் சேர்த்துவைத்து இந்த வருசம் கொட்டியது. ராசிபுரத்து வாடகை வீட்டில் எருமை கட்டின மூலையில் முழங்கால் தண்ணீர். சாணி கரைந்து தெருவுக்கு ஓடி, தெரு மடங்கி, நேராகக் கடைக்காரர் வாசலுக்கே போய்ச் சேர்ந்தது. இந்த மாசத்தோடு சரி என்று அவர் சொல்லிவிட்டார். கருவாச்சிக்கு மடி இறங்கி, பின்பக்கம் தளர்ந்து, இன்றோ நாளையோ என்று நின்றது. தண்ணீரில் நிற்கவைத்துக் கன்று போட வைத்தால் தாயும் தங்காது, கன்றும் தங்காது.

பாவாயி மழையோடு செம்மாம்பாளையம் போனாள். கட்டுத்தரையில் மட்டும் எருமையைக் கட்டிக்கொள்ளலாமா என்று வசந்தாமணியைக் கேட்டாள். தாராளமாகக் கட்டிக்கொள்ளுங்கள், அவர் கேட்டால் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள், என்ன பண்ணிவிடுகிறார் பார்ப்போம் என்றாள் அவள். வேலுமணியைக் கேட்டாள். தாராளமாகக் கட்டிக்கொள்ளுங்கள், அவள் ஏதாவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள் என்றான் அவன். ஒருவர் மேல் ஒருவருக்கு இருந்த கோபம் முதன்முதலாகப் பாவாயிக்கு உபயோகப்பட்டது. அர்த்தநாரி மில்லுக்குப் போகாமல் நின்றான். இருவரும் நனைந்துகொண்டே கருவாச்சியை நடத்திக்கொண்டு போய், ஓட்டுக்குக் கீழே, காய்ந்த கல்லில் கட்டினார்கள். எருமை ஒரு பெருமூச்சு விட்டுப் படுத்தது. பாவாயிக்குத் தான் படுத்த மாதிரி இருந்தது.

மறுநாள் மத்தியானம், ஊர் சோறு தின்கிற நேரத்தில், கருவாச்சி படுப்பதும் எழுவதுமாக இருந்தது. பாவாயி கையை விட்டுப் பார்த்தாள். ஒரு முன்னங்கால் வந்திருந்தது, இன்னொன்று உள்ளே மடங்கிக் கிடந்தது. வெந்நீர் வேண்டும், விளக்கெண்ணெய் வேண்டும், பிடிக்க ஆள் வேண்டும். அர்த்தநாரி மில்லில் இருந்தான். பக்கத்து வீட்டு முத்தாயம்மாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். தன் வீட்டு அடுப்பை மழை அணைத்துவிட்டது, விறகும் ஈரம் என்று சொல்லிவிட்டு, ஊர் ரெண்டு கோடிக்கும் ஆள் விட்டாள். ஒரு கோடியிலிருந்து வசந்தாமணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தாள். மறு கோடியிலிருந்து வேலுமணி குடையோடு வந்தான். ஒருவரையொருவர் பார்த்ததும் ரெண்டு பேரும் சேற்றில் அப்படியே நின்றுவிட்டார்கள்.

வீட்டுக்குள்ளே அடுப்பு இருந்தது, காய்ந்த விறகும் இருந்தது. கதவில் ரெண்டு பூட்டு. அவர் முதலில் திறக்கட்டும் என்றாள் அவள். அவள் முதலில் திறக்கட்டும் என்றான் அவன். இத்தனை மாசத்தில் ஒரு தடவைகூடக் குரல் உயர்த்தாத பாவாயிக்கு அப்போது எங்கிருந்துதான் வந்ததோ.

"தொறக்கறீங்களா, இல்ல என்ற எருமையைக் கொன்னுபோட்டு உங்க கதவைக் கட்டீட்டு அழுவறீங்களா?"

ரெண்டு சாவியும் ஒரே நேரத்தில் திரும்பின. வசந்தாமணி அடுப்பைப் பற்றவைத்தாள். வேலுமணி விறகு எடுத்துக் கொடுத்தான். விறகை இப்படி வை, அப்படி வை என்று அவன் வாயெடுக்கவில்லை, அதைப் பாவாயியும் கவனித்தாள். முழங்கை வரை எண்ணெய் பூசிக்கொண்டு, மடங்கின காலைத் தேடிப் பிடித்து, குளம்பு உள்ளே கிழித்துவிடாமல் உள்ளங்கைக்குள் பொத்தி, அவள் மெல்ல நிமிர்த்தினாள். கருவாச்சி கத்தின கத்தலில் வேம்பிலிருந்த காக்கையெல்லாம் பறந்தது. வசந்தாமணி எருமையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கல்தரையில் உட்கார்ந்துவிட்டாள். கால் ரெண்டும் வந்ததும் பாவாயி வேலுமணியைக் கூப்பிட்டாள். எருமை முக்கும்போது இழுக்க வேண்டும், நிறுத்தினால் நிறுத்த வேண்டும் என்றாள்.

"தெரியுமுங்கக்கா, போர்க்குழியில கேசிங் பைப்பு உருவறாப்பலதான்" என்றான் அவன்.

"எல்லாந் தெரியும் அவருக்கு" என்று எருமையின் கழுத்துக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. சொன்னவளே சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடு சிரிப்பாகக் கன்று வழுக்கி வந்து வேலுமணியின் மடியில் விழுந்தது. கிடேரிக் கன்று. கறுகறுவென்று, காது ரெண்டும் நனைந்த வெற்றிலையாட்டம் தொங்கிக்கொண்டு. பாவாயி அதன் மூக்கைத் துடைத்து ஊதினாள். தும்மியது. முத்தாயம்மாள் வேலிக்கு அந்தப்பக்கமிருந்து குலவையிட்டாள். பாவாயி கை கழுவக்கூட மறந்து, சந்தோசத்தில் இருவர் தலையிலும் எண்ணெய்க் கையை வைத்து, நல்லா இருங்கள், நல்லா இருங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

இளங்கொடி விழுந்ததும் அதை வைக்கோலில் சுற்றி ஏரிக்கரை ஆலமரத்தில் கட்ட வேண்டும், அப்போதுதான் பால் பெருகும். வேலுமணியே தூக்கிக்கொண்டு போய்க் கட்டிவிட்டு வந்தான். வந்தவன் அப்படியே, நாளைக்குக் காலையில் ஆசாரி வருகிறான், கதவைக் கழற்றப் போகிறேன் என்றான். வசந்தாமணி எழுந்து நின்றாள். அந்த இடத்தில்தான் முத்தாயம்மாள் வேலியைத் தாண்டி இந்தப்பக்கம் வந்தாள். சாங்கியம் என்றால் அந்த ஊரில் முத்தாயம்மாள் சொல்வதுதான்.

"கன்னு போட்ட ஊட்டுல இருந்து, மொத நெய் உருக்கி மாரியாத்தாளுக்கு வெளக்கு வெக்கற மட்டுக்கும், ஒரு துரும்பு வெளிய போவப்படாது. கதவு போவுதாமா கதவு. போனாப் பாலு வத்திப் போயிரும், ஊர் மாட்டுக்கெல்லாம் வத்தும்."

ஊர் மாட்டுக்கெல்லாம் வற்றும் என்ற பிறகு யார் என்ன பேசுவது? வேலுமணியின் அண்ணனுக்கே ஆறு மாடு. சாவிகூட வெளியே போகக் கூடாது என்று ஆகிவிட்டது. ரெண்டு சாவியும் உள்ளே ஆணியில் மாட்டப்பட்டன. பால் கறக்க ஆள் வேண்டுமே என்று பாவாயி அங்கேயே தங்கினாள். ரெண்டு நாள் கழித்து அர்த்தநாரி கட்டிலைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான்.

சீம்பாலும் வெளியே போகக் கூடாதல்லவா? வேண்டியவர்கள் வந்து தின்றுவிட்டுப் போக வேண்டியதுதான். பாவாயி வெல்லமும் ஏலக்காயும் தட்டிப்போட்டு வட்டலில் ஊற்றி ஆவியில் வேகவைத்தாள். கத்தி போட்டால் கட்டிகட்டியாக வந்தது. ஊரே வந்து சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து தின்றது. தின்றுவிட்டுக் கதவைத் தடவியது, கன்றைத் தடவியது. வேலுமணி ஒரு மூலையில் தின்றான், வசந்தாமணி எதிர் மூலையில் தின்றாள். இன்னொருவர் கதவைக் கடத்திக்கொண்டு போய்விடாமல் காவல் காக்கத்தான் வந்தார்களாம். காவல் காக்க வந்தவர்கள் சும்மாவா இருப்பார்கள்? சீக்கிரம் நெய் ஆனால் சீக்கிரம் கதவு என்று இருவருக்கும் அவசரம். அவன் விடியும் முன்பே வரப்புப் புல் அறுத்துவந்து போட்டான். பருத்திக்கொட்டையை அவள் ஊறவைத்து ஆட்டினாள். பால் திரும்பி நல்ல பாலாக வந்ததும் தயிருக்கு ஊற்றி, மத்தும் கயிறுமாக அவளே கடைந்தாள். கடைகிற கயிற்றை இப்படிப் பிடிக்க வேண்டும் என்று ஒருநாள் அவன் சொல்லிவிட்டான். மத்தைத் தூக்கிக்கொண்டு அவள் அவனைத் துரத்தின துரத்தலை முத்தாயம்மாள் வெகுநாள் சொல்லிச் சிரித்தாள்.

பாவாயிக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு வெசனம் ஏறிக்கொண்டே வந்தது. உறியில் வெண்ணெய் சேரச் சேர அவள் நாள் எண்ணினாள். விளக்கு வைத்த மறுநிமிசம் ஆசாரி வருவான், சண்டை வரும், ரெண்டு பூட்டு மறுபடி தொங்கும். எருமையைப் பிடித்துக்கொண்டு வெளியே போக வேண்டும், அதுவும் இந்தத் தடவை பிறந்த கன்றோடு. அர்த்தநாரி ஒருநாள் உறியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"வெண்ணெய் இன்னுங் கொஞ்சஞ் சேரட்டுமே" என்றான். அவனுக்கு அது பெரிய பேச்சு.

அவளுக்கும் அந்த ஆசை இல்லாமலில்லை. அவள் உருக்காத வரைக்கும் யாரும் அவளை அங்கிருந்து கிளப்ப முடியாது. நாள் கடத்தினால் தை மாசம் வரைக்கும்கூடக் கடத்தலாம். அன்று மத்தியானம் முழுக்க அவள் கன்றின் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தாள். பிறகு எழுந்து, சாமிக்கு வைக்கிறதில் போய்க் கள்ளத்தனம் பண்ணுவதா என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு, வெண்ணெயை இறக்கி அடுப்பில் வைத்தாள். பொங்கி அடங்கி, நிறம் மாறுகிற நேரத்தில் ஒரு கொத்து முருங்கைக் கீரையைப் போட்டாள். சடசடவென்று பொரிந்தது. வாசம் வண்டித்தடம் வரைக்கும் போனது. ராசிபுரத்தில் எத்தனையோ வருசம் உருக்கியிருக்கிறாள், இப்படி மணல் மணலாக உறைகிற நெய் அவளுக்கு வந்ததில்லை. பார்த்து அழுகைதான் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை மாரியம்மன் கோயிலில் ஊர் கூடிவிட்டது. மழை வெறித்து வெயில் அடித்தது. பாவாயி நெய்ச்சொம்பைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் ஓரத்தில், அர்த்தநாரி பக்கத்தில் நின்றாள். இருவரும் குளித்து, அவள் வெளுத்த சேலையும் அவன் மாவுக்கறை போகாத வேட்டியுமாக இருந்தார்கள். வேலுமணி ஆசாரியையும் கையோடு கூட்டிவந்திருந்தான். வசந்தாமணி வேறொரு ஆசாரியைக் கூட்டிவந்திருந்தாள். பூசாரி சென்றாயன் அகலை எடுத்து வைத்தான். திரியைப் போட்டு விளக்கைப் பற்றவைக்க, கன்று விழுந்த வீட்டுச் சொந்தக்காரர் யார், முன்னால் வாருங்கள் என்றான்.

ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் முன்னால் போனார்கள். தோளும் தோளும் இடித்துக்கொண்டது. நான்தான் என்றான் அவன். நான்தான் என்றாள் அவள். கூட்டத்தில் ஒரு கனைப்புச் சிரிப்பு ஓடியது. அப்போது முத்தாயம்மாள் தொண்டையைச் செருமினாள்.

"ஆரு வேணாலும் வெய்யுங்க சாமி. ஆனா வெச்சவிய, கன்னு பால் மறக்கற மட்டுக்கும் அந்த ஊட்டை விக்கப்படாது. விட்டுட்டு ஊரு தாண்டியும் போவப்படாது."

சாங்கியத்தில் இந்தப் பகுதியை அந்த ஊரில் அதுவரைக்கும் யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் கேள்விப்படவில்லை என்று முத்தாயம்மாளிடம் சொல்ல யாருக்குத் தைரியம்? சென்றாயன்கூட ஒரு நொடி யோசித்துவிட்டு, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினான்.

எருமைக் கன்று பால் மறக்க வருசம் ஓடும். வேலுமணி தை மாசம் கிளம்புகிற ஒரு ரிக்கில் பங்குக்குப் பேசி வைத்திருந்தான். வசந்தாமணி ஈரோட்டில் அக்காளோடு சேர்ந்து துணிக்கடை வைக்க இடம் பார்த்துவிட்டாள். ரெண்டு பேரும் ஓரடி பின்னால் வந்தார்கள்.

"நீங்க வெய்யுங்க" என்றாள் வசந்தாமணி. "நாயமாப் பாத்தா உங்க ஊடுதான் அது. ஏழு வருசம் சுடுகாட்டு வெயில்ல நின்னு பூமியக் குடஞ்சு, நேரத்துக்குச் சோறில்லாம, நீங்க அனுப்புன காசு. நீங்க அனுப்பலைன்னா அங்க ஒரு செங்கல்லு ஏறியிருக்காது. ஊருக்கே தெரியும்."

வேலுமணி பூசாரியைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அவளைப் பார்த்துச் சொல்ல அவனுக்கு ஆகவில்லை.

"இல்லீங்க. காசு ஆரு வேணாலும் அனுப்பலாம். அஸ்திவாரம் எடுத்தப்போ நான் இல்ல. ஓடு வேஞ்சப்போ நான் இல்ல. சித்தாள் வராதப்போ அவ தலையில மண்ணுச் சட்டி தூக்கியிருக்கறா. அந்த ஊட்டைக் கட்டுனது அவதானுங்க. அவளோட ஊடு."

கூட்டத்தில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். ஒரு வருசமாகப் பத்திர ஆபீஸிலும் பஞ்சாயத்திலும் வக்கீல் வீட்டிலும் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத வார்த்தை, தட்டிக்கழிக்கப் போன இடத்தில் ரெண்டு பேருக்கும் வட்டியோடு கிடைத்துவிட்டது. வசந்தாமணி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே சிரித்தாள். இதை முன்னாடியே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன என்று முணுமுணுத்தாள். நீ மட்டும் சொன்னாயா என்று அவனும் முணுமுணுத்தான். இதைப் பார்த்து, சரி, சேர்ந்துவிட்டார்கள், பலகாரம் உண்டு என்று ஊர் நினைத்தது. அதெல்லாம் ஒன்றுமில்லை. அடுத்த முகூர்த்தத்தில் தீர்த்தகிரி ஒரே மூச்சில் வாசித்து முடிக்க, கதவு நிலவு சகிதம் கையெழுத்தானது. விவாகரத்தும் பிற்பாடு நல்லபடியாகவே வந்தது. ரிக் மத்தியப் பிரதேசம் போன பிறகு அவனுக்கும் ஈரோட்டுக்கும் மாசம் ஒரு கடுதாசி போய்வந்துகொண்டு இருந்தது என்று சொல்வார்கள். கடுதாசியில் அவர்கள் எப்போதுமே நல்ல ஜோடி. அது பின்னால் நடந்தது.

அன்றைக்குக் கோயிலில் அகல் அப்படியே இருந்தது. திரி போட ஆளில்லை. சென்றாயன் பொறுமையிழந்து, நேரம் போகிறது, ராகுகாலம் வருகிறது, யார் வீடு என்று முடிவாகச் சொல்லுங்கள் என்றான். வேலுமணியும் வசந்தாமணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணத்தன்றைக்கு அப்புறம் அப்படிப் பார்த்துக்கொண்டது அன்றைக்குத்தான் இருக்கும். ரெண்டு பேரும் சேர்ந்தாற்போலத் திரும்பிக் கூட்டத்தின் ஓரத்தைக் காட்டினார்கள்.

"பாவாயக்கா ஊடுங்க" என்றான் வேலுமணி.

"ஆமாங்க. கதவோட" என்றாள் வசந்தாமணி.

ரெண்டு ஆசாரிகளும் உளியைப் பைக்குள் போட்டார்கள். சென்றாயன் அகலைக் கையில் எடுத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டான்.

"ஊட்டுக்காரம்மா, வாங்க. வந்து வெளக்கு வெய்யுங்க."

பாவாயி நெய்ச்சொம்பை மார்போடு அணைத்துக்கொண்டு சட்டென்று ஒதுங்கி நின்றாள். வருகிற வீட்டுக்காரம்மாளுக்கு வழி விட்டாள். யார் வருகிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். யாரும் வரவில்லை. கூட்டம் மொத்தமும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றது.

அர்த்தநாரி அவள் தோளில் கை வைத்தான்.

"போ பாவாயி" என்றான். "உன்னையத்தான் கூப்புடறாங்க."